சார் வந்தால் எழுந்து நிற்கிறவர்

ஜூலை 4

அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் இதைக் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால், அதுவே எனக்குப் பெரிய விஷயம். நீங்கள் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் தம்பியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்ன நாளில் ஆரம்பித்தது. சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை. அதை மறுபடியும் கிளறுவதற்காக எழுதவில்லை.

வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு அனுப்புகிறேன். அண்ணன் கையில் கிடைக்கக் கூடாது. போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனை அணைத்து, குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அது அதிர்கிற சத்தமே எனக்கு வேண்டாம். அண்ணனிடம் போன் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் சாரைப் பற்றி. நம் வீட்டில் சார் என்றால் ஒரே சார்தானே. அப்பா போன பிறகு அண்ணனைத் தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டு, மோட்டார் பட்டறையில் வேலையும் வாங்கிக் கொடுத்தவர். அவர் போன் பண்ணினால் அண்ணன் சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். நீங்களும் நானும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அப்போது நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் இங்கே பேராசிரியராக இருக்கிறார் என்றுதான் என்னை இந்தக் கல்லூரியில் விட்டார் அண்ணன். விடுதியில் உள்ளூர் கார்டியன் என்று ஒருவர் பெயர் கேட்டபோது, யோசிக்காமல் அவர் பெயரையே கொடுத்தார். சனிக்கிழமை வெளியே போக வேண்டுமானால் கார்டியன் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அதற்கு நான் அவர் அறைக்குப் போக வேண்டும். முதலில் கதவு திறந்தே இருந்தது. பிறகு பாதி. பிறகு, "காத்து அடிக்குது பாரு, சாத்திட்டு வாம்மா."

வலது கையால் கையெழுத்துப் போடுவார். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். தன் பெயரை எழுத ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேரம் ஆகுமா அண்ணி? போன மாதம் கையோடு நிற்கவில்லை. அதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். சீட்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன்.

அதன் பிறகு நான் கல்லூரிக்கு வெளியே போகவே இல்லை. சோப்பு வேண்டும் என்றாலும் அறைத்தோழியிடம்தான் சொல்கிறேன். போனை அணைக்கும்வரை அவர் அதில் எழுதிக்கொண்டே இருந்தார். "கோபமா?" என்று ஒரு நாள். "உங்க அண்ணனுக்கு நான்னா உயிரு, தெரியும்ல" என்று ஒரு நாள். "மார்க் போடுற நேரம் வருது" என்று ஒரு நாள். அண்ணனுக்குத் தெரிந்தால் என்னை நம்ப மாட்டார். நம்பினால் படிப்பை நிறுத்திக் கூட்டிப்போய்விடுவார். எது நடந்தாலும் போவது நான்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். சார் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் நீங்கள் நீளக் கரண்டியோடு எட்ட நின்று பரிமாறுவீர்களே. பக்கத்தில் போகவே மாட்டீர்கள். மரியாதை தெரியாதவள் என்று அண்ணன் திட்டுவார். அந்தக் கரண்டி எதற்கு அண்ணி? நானாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 10

உன் கடிதம் வந்தது.

எங்கள் மேஸ்திரியம்மா அத்தனை பேர் முன்னாலும் உறையைத் தூக்கிக் காட்டி, "யாருடி அது, இந்த வயசுல உனக்குக் காதல் கடிதம்?" என்றாள். "இருக்கான் ஒருத்தன். உனக்கும் ஒருத்தனப் பாக்கவா?" என்று பிடுங்கிக்கொண்டு, அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் போய்ப் படித்தேன். படித்து முடித்தபோது, தேய்த்து அடுக்கிய விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் அதற்கும் திட்டினாள்.

முதலில் நம் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். "அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆயுசுக்கும் சோறு எறங்குமா" என்று என் காதுபடச் சொன்னாய். என் தம்பியின் மூஞ்சி எனக்குப் பிடித்த மூஞ்சி. அதை மறக்கமாட்டேன். இப்போது அதற்கு நேரமில்லை, மடித்து வைக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் சார் சாப்பிட வந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரோடு என் மணிக்கட்டையும் சேர்த்து வாங்கினார். விடவில்லை. சிரித்துக்கொண்டே உன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கே உன் அண்ணனிடம் சொன்னேன். "பெரியவர் பாசமாப் பிடிச்சிருப்பாரு, உனக்கு எதெடுத்தாலும் குத்தம்" என்றார். மறுநாள் கடைக்குப் போய் நீளக் கரண்டி வாங்கினேன்.

உன்னைச் சேர்க்கிற அன்றும் சொன்னேன், கார்டியனுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. உன் அண்ணன் முறைத்தார். நீ என்ன சொன்னாய்? "உங்க தம்பிக்கு நான் கெடைக்கலைன்னு வயித்தெரிச்சல் அண்ணி உங்களுக்கு." சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். வேறு யாரிடம் காட்டுவேன்?

உனக்குக் கற்பனையும் இல்லை, பித்தும் இல்லை. நடந்தது நடந்ததுதான். அந்த அறைக்கு இனித் தனியாகப் போகாதே. கூப்பிட்டு அனுப்பினால் காய்ச்சல் என்று சொல், வயிற்றுவலி என்று சொல், இழவு விழுந்தது என்று சொல், போகாதே. போனில் அந்த ஆள் எழுதியதில் ஒரு எழுத்தையும் அழிக்காதே. படிக்கக் கூசினால் படிக்காதே, அழிக்காதே. உங்கள் கல்லூரியில் இதையெல்லாம் கேட்பதற்கென்று யாராவது இருப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். விசாரி.

உன் அண்ணனிடம் நான் மூச்சு விடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "என்ன, சோத்தையே தொடல?" என்றார். இஸ்திரி இயந்திரச் சூட்டில் பசி போய்விட்டது என்றேன்.

அண்ணி


ஜூலை 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். "நடந்தது நடந்ததுதான்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். வெளியே வாளியோடு நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள்.

அறைத்தோழியிடமும் சொல்லிவிட்டேன். அவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், வாய் ஓயாது. நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் அவளே அறிவிப்புப் பலகை பலகையாகத் தேடி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே பாதி கிழிந்து தொங்கிய தாளைக் கண்டுபிடித்தாள். புகார் குழு என்று ஒன்று இருக்கிறது. தலைவர் கணக்குத் துறையில் இருக்கிற மேடம்.

நேராக அவரிடம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அலுவலக ஜன்னலில் போய், "புகார் கொடுக்கணும்னா எப்படி மேடம்?" என்று மட்டும் கேட்டேன். கண்ணாடி போட்ட அந்த அம்மா தலையைத் தூக்காமலே, "வீட்டுக்குத் தெரியாம எதுவும் செய்ய முடியாதும்மா. கார்டியன் யாரு?" என்றார். சொன்னேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "சாரா? அப்புறம் என்னம்மா உனக்குக் கவலை? அவர்கிட்டயே சொல்லு, எல்லாத்தையும் பாத்துப்பாரு."

ரேடியோ என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, "பாலுக்குப் பூனையக் காவல் வச்சீங்க. இப்ப பால் குறையுதுன்னா பூனைகிட்டயே எழுதிக் குடுக்கச் சொல்றாங்க" என்றாள். சிரித்தேன் அண்ணி. சிரித்து முடித்ததும்தான் தோன்றியது. அந்த ஜன்னல் அம்மா சாரிடம் சொல்லிவிட்டால்?

இன்னொன்று. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி எங்கள் வகுப்பைத் தொழிற்சாலைகள் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். நாலு நாள், வெளியூரில் தங்கல். போகாவிட்டால் மார்க் கிடையாது. பொறுப்பாளர் அவர்தான். யார் எந்த அறை என்று பிரிப்பதும் அவர்தான்.

கார்டியனை மாற்ற அண்ணன் ஒருவர்தான் கையெழுத்துப் போட முடியுமாம். காரணம் சொல்லாமல் மாற்ற வைக்க முடியுமா? தூரத்துச் சொந்தம், ரேடியோவின் அத்தை, யார் பெயரானாலும் சரி. காரணம் மட்டும் வேண்டாம்.

நாத்தனார்


ஜூலை 24

இதைப் படித்ததும் முதலில் உன் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடு.

நீ சொன்னபடி காரணம் சொல்லாமல் கேட்டேன். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டேன். வாரச் சம்பளம் வந்த நாள், வயிறும் நிறைந்திருந்தது. "பாவம் சாருக்கு எவ்வளவோ வேலை. பிள்ளைக்குக் கார்டியனா வேற யாரையாவது போடுவோமே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் உன் தம்பி பேச்ச நீ விடல. அவ படிக்கிறது உனக்குப் பொறுக்கல" என்றார். பட்டென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. என் தம்பிக்குப் பெண்ணே கிடைக்காதா என்று நானும் ஏறிவிட்டேன். இருவரும் தம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோம். உன்னை விட்டுவிட்டோம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காலையில் அவர் சாருக்குப் போன் பண்ணினார். நல்ல எண்ணத்தில்தான். உன் அண்ணனுக்கு ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு சாரிடம் பேச வராது. எழுந்து நின்றபடியே, "வீட்டுல ஏதோ உளறுது சார், கார்டியன மாத்தணும்னு. நீங்க தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சியும் எதாவது அலட்டுச்சுன்னா கண்டிச்சு வைங்க, உங்களுக்கு அந்த உரிமை இருக்கு" என்றார். நான் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாய்ந்து போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். துணியை மடித்தேன்.

இப்போது அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, ஏதோ தெரிந்துவிட்டது.

வேலைக்கு வந்ததும் உங்கள் விடுதிக்குப் போன் அடித்தேன். "நீங்க யாரு? உங்க பேரு பதிவுல இல்லையே. கார்டியன் சொன்னாத்தான் பிள்ளையக் கூப்பிடுவோம்" என்று வைத்துவிட்டார்கள். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதி, விரைவுத் தபாலில் போட ஓடுகிறேன்.

தனியாக எங்கும் போகாதே. அந்தக் கணக்கு மேடத்திடம் போ. ஜன்னலைப் போய்க் கேட்காதே, ஆளைப் போய்ப் பார். என்னைத் திட்டிக்கொண்டே போ, பரவாயில்லை.

அண்ணி


ஜூலை 28

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது சார் வந்துவிட்டுப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. இனி ரேடியோ பெயருக்கு எழுதுங்கள். உறையின் பின்பக்கம் பெயரும் விலாசமும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பார்வையாளர் அறைக்கு வரச்சொல்லி வார்டன் ஆள் அனுப்பினார். போனால், சார் உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் ஒரு பை பழம். வார்டன் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "உனக்கு எவ்வளவு கொடுத்து வச்சிருக்கு பாரும்மா. பெத்த அப்பன்கூட இப்படி வந்து பாக்க மாட்டான்" என்றார் வார்டன். வீட்டில் ஏதோ பிரச்சினை, பிள்ளைக்கு மனசு சரியில்லை, அண்ணிக்காரி கடிதம் போட்டுக் கலைக்கிறாள், இனி வருகிற கடிதங்களைத் தன்னிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள் என்று சார் முன்பே வார்டனிடம் சொல்லிவைத்திருக்கிறார். வார்டனுக்கு அது அக்கறையாகத் தெரிந்திருக்கிறது. உங்களிடமிருந்து கடிதம் வருவதையும் வார்டன்தான் சாரிடம் சொன்னாராம். உங்கள் விரைவுத் தபாலை ரேடியோ தபால்காரரிடம் வாசலிலேயே வாங்கிக்கொண்டதால் தப்பித்தது.

வார்டன் சர்க்கரை எடுக்க உள்ளே போனார். சார் குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார். "அண்ணி சௌக்கியமா? ரொம்ப எழுதுறாளாமே." ஒரு பழத்தை எடுத்து என் பக்கம் உருட்டினார். "டூர் வருதுல்ல. நாலு நாள் இருக்கு. நிதானமாப் பேசிக்கலாம்."

அண்ணி, பழம் மேசை விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கு நான் கத்திவிட்டேன். வார்டன் ஓடிவந்தார். "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் சார்.

அன்று முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மறுநாள் உங்கள் கடிதம். "ஆளைப் போய்ப் பார்" என்று இருந்தது. ரேடியோ என் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள்.

கணக்கு மேடத்தின் அறை சின்னது. கரும்பலகையில் பாதிக் கணக்கு. நான் உள்ளே போனதும் கதவைச் சாத்த வேண்டுமோ என்று கை நீட்டினேன். "வேண்டாம், திறந்தே இருக்கட்டும்" என்றார். ரேடியோவை வாசலில் நிற்கச் சொல்லி, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு, "நீ கதவுப் பக்கம் உக்காரு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்புறம்தான் புரிந்தது. எனக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். அதனாலேயே நான் எழுந்து போகவில்லை.

எல்லாம் சொன்னேன். உங்களுக்கு எழுதாமல் விட்டதையும். கம்பளிச் சட்டையைப் பிரித்துப் போனைக் கொடுத்தேன்.

"கார்டியன் கையெழுத்து இல்லாம..." என்று நான் இழுத்தேன்.

"உனக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"அப்புறம் உன் கையெழுத்துக்கு இன்னொருத்தர் கையெழுத்து எதுக்கு?" என்றார். "லேசா இருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. அவருக்கு வேண்டியவங்க இங்க நிறைய. ஆனா இனிமே நீ தனியா எங்கயும் உக்கார வேண்டியதில்ல."

கையெழுத்துப் போட்டேன். விசாரணை ஆகஸ்ட் ஏழாம் தேதி, பயணத்துக்கு முன்னாலேயே. வார்டனையும் கூப்பிட்டுப் பேசினார் மேடம். வார்டன் என் முகத்தைப் பார்க்காமல், பழத்தையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

இப்போதுதான் நிஜமான பயம். புகாரின் நகல் நாலைந்து நாளில் சாருக்குப் போகும். போனதும் அவர் அண்ணனைத்தான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து அண்ணன் கேட்பதற்கு முன்னால், உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். காரணத்தோடு சொல்லிவிடுங்கள் அண்ணி. எல்லாவற்றையும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 2

ரேடியோ என்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு கும்பிடு. இதை மேலே படிக்காமல் உன் தோழியிடம் கொடு அம்மா.

சொல்லிவிட்டேன்.

பட்டறையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போக நேரமாகும், அதுவரை ஓட முடியாது என்று அந்த நேரத்தைப் பிடித்தேன். உன் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.

"பொய்யி" என்றார்.

"அவளுக்கு என்ன லாபம், சொல்லுங்க."

"நீதான் கிளப்பி விட்டிருப்ப."

"நான் கரண்டி வாங்குன வருஷம் அவ பாவாடை கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. அவள அப்பவே கிளப்பி விட்டேனா?"

விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டே, "நீ ஏன் அப்பவே சொல்லல?" என்றார்.

"சொன்னேன். பாசம்னீங்க."

குழாயை மூடினார். சாப்பிடவில்லை. உன் கடிதங்களைக் கேட்டார். கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தார். அப்போது போன் அடித்தது. சார். நகல் அதற்குள் போய்விட்டது போலிருக்கிறது.

எழுந்து நின்றார். அதே பழக்கம். சார் நிறைய நேரம் பேசினார், எனக்கு இரைச்சல்தான் கேட்டது. இவர், "சரிங்க சார்... சரிங்க சார்... ஏழாம் தேதி வந்துர்றேன் சார்" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"எதுக்கு வர்றேன்னீங்க?" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டார். "நானும் வர்றேன்" என்றேன். "நீ வராத" என்றார். சட்டையை அவரே தேய்த்து வைத்துக்கொண்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கூட்டிவர வருகிறாரா, புகாரைத் திரும்ப வாங்கச் சொல்ல வருகிறாரா, அந்த ஆள் காலில் விழ வருகிறாரா? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதற்கு வந்தாலும் நீ கையெழுத்தை வாபஸ் வாங்காதே. அண்ணன் என்றும் பார்க்காதே. வீட்டில் உனக்கு இடமில்லை என்றால், நான் இருக்கிற இடத்தில் உனக்கு இடம் இருக்கிறது.

இதோடு மேடத்துக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். டம்ளரும் மணிக்கட்டும். என் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. மேஸ்திரியம்மாதான் பிழை பார்த்தாள். படித்துவிட்டு, "எங்க ஆளுங்க யாராவது கூட வரணுமாடி?" என்றாள். அவளைப் போய் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முடிவு இன்னும் வரவில்லை. மேடம் சொன்னது போலவே, கேட்டதையே கேட்டார்கள். குழுவில் ஒருவர், "அப்பவே ஏன்மா கத்தல?" என்றார். மேடம், "அந்தக் கேள்வி இங்க இல்ல, அடுத்ததுக்குப் போங்க" என்றார். உங்கள் தாளை வாய்விட்டுப் படித்தார்கள். சார் அது பொய் என்றார், குடும்பத் தகராறு என்றார். போனில் எழுதியதைக் காட்டியதும், தண்ணீர் கேட்டார். முடிவு வரும்வரை அவர் துறைப் பக்கம் வரக் கூடாது, பயணப் பொறுப்பும் அவருக்கில்லை. நான் பயணத்துக்குப் போகிறேன். ரேடியோவும் நானும் ஒரே அறை.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. நடைபாதையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். துறையில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் திரும்பி வந்துவிட்டால் என்று நினைத்தால் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் போனை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்திருக்கிறேன்.

அண்ணன் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் தேய்க்காத சட்டை, காலர் மடங்கியிருந்தது. நான் போய் மறுகோடியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் தரையைப் பார்த்துக் கேட்டார். இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது நடைபாதைக் கோடியில் சார் வந்தார், கூட இரண்டு பேராசிரியர்கள். பெஞ்சில் இருந்த பியூன் எழுந்தார். வேறு வேலையாக வந்த மாணவர்கள் எழுந்தார்கள். எனக்கே இடுப்பு எழும்பியது அண்ணி, பழக்கம். சார் நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார். "வந்துட்டியாப்பா" என்றார். என்றைக்கும் போலத் தோளில் தட்டுவதற்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அண்ணன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்.

அண்ணன் முட்டி இரண்டும் ஆடியதைப் பார்த்தேன். கிரீஸ் போகாத விரல்களால் பெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சாரின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கீழே இறங்கியது. அவர் உள்ளே போய்விட்டார்.

கதவு மூடியதும் அண்ணன் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். உடம்பு முழுக்க வேர்த்திருந்தது.

"காலு தானா எழும்பப் பாத்துச்சு" என்றார். "பிடிச்சு வச்சுக்கிட்டேன்."

நாத்தனார்